அடிமைகளாக இருந்தவர்கள் எழுதியதையும் வகுப்பில் வாசியுங்கள்

மதிப்பிற்குரிய வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியர் இல்லை. அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தே வயதாகிவிட்ட ஆள். பள்ளி நோட்ஸ், வினா வங்கி என்று கைக்கு வந்ததையெல்லாம் திருத்தியிருக்கிறேன். அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு மதிப்பெண் வினா இது: ‘அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் யார்?’ இங்கிலாந்து என்றால் வில்பர்ஃபோர்ஸ். அமெரிக்கா என்றால் ஆபிரகாம் லிங்கன். விடையில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டு பெயர்களை மட்டும் படித்துவிட்டுப் போகிற பிள்ளையின் மனதில் என்ன பதியும்? மேலே இருந்த நல்ல மனிதர்கள் மனமிரங்கி விடுதலை கொடுத்தார்கள், கீழே கிடந்தவர்கள் அதுவரை வாய் திறக்காமல் காத்திருந்தார்கள் என்றுதான் பதியும். அது உண்மையில்லை. அவர்கள் பேசினார்கள், எழுதினார்கள், அச்சடித்து விற்றார்கள். பாராளுமன்றத்துக்கும் பத்திரிகைக்கும் தங்களை அடித்த முதலாளிக்கும் கடிதம் போட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடிமை ஒழிப்புப் பாடம் வரும்போது, ஒரே ஒரு பீரியட் ஒதுக்கி, அடிமையாக இருந்த ஒருவர் தன் வாயால் சொன்ன ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். ஆன்டனி பெனெசெட், பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியர். 1750-ம் ஆண்டுவாக்கில் மாலை நேரங்களில் தன் வீட்டிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ‘இவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று படித்தவர்களே கூசாமல் சொன்ன காலம் அது. மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கும் அத்தனை திறமையும் இவர்களிடமும் இருக்கிறது என்று, தானே பாடம் நடத்திய அனுபவத்தில் அவர் எழுதினார். 1771-ல் ஆப்பிரிக்காவின் கினிப் பகுதியைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடிக்கும். அடிமை வியாபாரத்துக்காகப் போனவர்களும் கம்பெனிகளின் ஏஜெண்டுகளும் எழுதிவைத்திருந்த பயணக் குறிப்புகளைத் தேடிப் பிடித்தார். அந்த மக்கள் பயிர் செய்தார்கள், சந்தை கூட்டினார்கள், நீதி நியாயம் பார்த்து வாழ்ந்தார்கள், இந்த வியாபாரம்தான் அங்கே சண்டையை மூட்டிவிட்டது என்பதையெல்லாம் வியாபாரிகளின் எழுத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். எதிராளியால் மறுக்க முடியாத சாட்சி.

அந்தப் புத்தகம் கடல் தாண்டியது. 1785-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் கட்டுரைப் போட்டி. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பது தலைப்பு. தாமஸ் கிளார்க்சன் என்ற 25 வயது இளைஞர் பரிசு வாங்கும் ஆசையில்தான் எழுத உட்கார்ந்தார். விஷயம் தெரியாமல் தவித்தபோது செய்தித்தாளில் பெனெசெட் புத்தகத்தின் விளம்பரம் கண்ணில் பட, லண்டனுக்கே போய் வாங்கிவந்தார். பரிசும் கிடைத்தது. கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் வாசித்துவிட்டு லண்டனுக்குக் குதிரையில் போகும் வழியில், வேட்ஸ்மில் என்ற ஊர் அருகே இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதியதெல்லாம் உண்மை என்றால், யாராவது இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டுமே என்ற எண்ணம் அவரை மேலே போக விடவில்லை. பிறகு அவர் வாழ்நாள் முழுவதும் அந்த வேலையாகவே போயிற்று.

1787 மே 22-ம் தேதி, லண்டனில் ஜார்ஜ் யார்டு என்ற சந்தில், ஜேம்ஸ் பிலிப்ஸ் என்பவரின் அச்சகத்தில் 12 பேர் கூடி, அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். சங்கம் பிறந்த இடம் ஒரு அச்சகம் என்பதில் என்னைப் போன்றவனுக்கு இருக்கும் சந்தோஷத்தை நீங்கள் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் அடுத்து நடந்ததையெல்லாம் பார்த்தால் அந்த இடம் பொருத்தமாகவே இருக்கிறது.

கிளார்க்சன் பிரிஸ்டலுக்கும் லிவர்பூலுக்கும் போய்த் துறைமுகத்தில் அலைந்தார். கப்பல்களின் ஆள் பதிவேடுகளைப் புரட்டி, அடிமைக் கப்பலில் போன வெள்ளைக்கார மாலுமிகளே எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று கணக்கெடுத்தார். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்கும் இடுக்கி, அப்புறம் ஒரு வினோதமான கருவி எல்லாம் விலைக்கு இருந்தன. அந்தக் கருவியின் இரண்டு கால்களைப் பல்லிடுக்கில் செருகித் திருகினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். எதற்கு என்று கேட்டதற்கு, சாப்பிட மறுக்கும் அடிமைகளின் வாயைத் திறக்க என்று பதில் வந்தது. அதையும் விலைக்கு வாங்கினார்.

சாப்பிட மறுத்தவர்களில் ஒருவர் பேசினால் எப்படி இருக்கும்? 1789-ல் அப்படி ஒரு புத்தகம் லண்டனில் வெளிவந்தது. ஒலாடா எக்வியானோ தன் வரலாற்றைத் தானே எழுதியிருந்தார். தலைப்பிலேயே ‘அவரே எழுதியது’ என்று போட்டிருந்தார். சிறு பையனாகக் கப்பலில் ஏற்றப்பட்டதும், கீழ்த்தளத்து நாற்றத்தில் குமட்டிச் சோறு இறங்காமல் போக, ஒருவன் கையைப் பிடித்துக்கொள்ள, நங்கூரம் இழுக்கும் உருளையின் மேல் குறுக்கே போட்டுக் காலைக் கட்ட, இன்னொருவன் சாட்டையால் அடித்ததை அதில் சொல்கிறார். கடைக்காரர் சொன்ன ஒரு வரிப் பதிலுக்கு உயிர் வருவது இந்தப் பக்கத்தில்தான்.

எக்வியானோ சிறுகச் சிறுகச் சரக்கு வாங்கி விற்றுச் சேர்த்த காசில், 1766 ஜூலையில் 40 பவுண்டு கொடுத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். அந்த விடுதலைப் பத்திரத்தை வரிக்கு வரி புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார். புத்தகத்துக்கு முன்கூட்டியே சந்தா சேர்த்தார். சந்தாதாரர் பட்டியலில் வேல்ஸ் இளவரசர் பெயரும் உண்டு. உரிமையை யாருக்கும் விற்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிப் புத்தகத்தை விற்றார். அவர் உயிரோடு இருந்தபோதே 9 பதிப்புகள். அச்சுத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இன்றைக்கும் ஒரு எழுத்தாளர் தன் புத்தகத்தை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அபூர்வம்.

புத்தகம் வருவதற்கு முன்பே அவர் செய்த ஒரு காரியம் உண்டு. 1781-ல் ஸாங் என்ற லிவர்பூல் கப்பல், அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்கா போனது. குடிதண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி, 130 பேருக்கும் மேல் உயிரோடு கடலில் தள்ளினார்கள். பிறகு முதலாளிகள், தலைக்கு 30 பவுண்டு வீதம் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டார்கள். 1783-ல் வழக்கு நீதிமன்றம் வந்தது. கொலை வழக்காக வரவில்லை, சரக்கு நஷ்ட வழக்காக வந்தது. சட்டப்படி பார்த்தால் குதிரைகளைக் கடலில் தள்ளியது போலத்தான் இதுவும் என்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு சொன்னார். ஆட்களைக் கடலில் தள்ளிய செய்தியை எடுத்துக்கொண்டு, கிரான்வில் ஷார்ப் என்ற வெள்ளைக்கார நண்பரின் வீட்டுக்கு ஓடினவர் எக்வியானோ. ஷார்ப் சுருக்கெழுத்தாளரை வைத்து விசாரணையைப் பதிவு செய்தார், கடற்படை நிர்வாகத்துக்குக் கொலை என்று எழுதினார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் விஷயம் மூடி மறைக்கப்படாமல் இருந்ததற்குக் காரணம், அடிமையாக இருந்த ஒருவர் செய்தி தெரிந்ததும் சும்மா இருக்காததுதான்.

எக்வியானோவின் நண்பர் ஒட்டோபா குகொவானோ இன்னும் கடுமையானவர். இன்றைய கானா நாட்டுக் கரையில் சிறுவயதில் கடத்தப்பட்டு, கிரெனடாத் தீவில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். பிறகு லண்டனில் ஒரு ஓவியரின் வீட்டில் பணியாள். 1787-ல் அவர் போட்ட புத்தகத்தில், வியாபாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது, அடிமை முறையையே அடியோடு நிறுத்த வேண்டும், ஆப்பிரிக்கக் கரையோரம் போர்க்கப்பல்களை நிறுத்தி அடிமைக் கப்பல்களைத் தடுக்க வேண்டும் என்று கேட்டார். ஜார்ஜ் யார்டு சங்கத்தார் அப்போது வியாபாரத்தைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கரைக்கு ரோந்து அனுப்பியது 1808-ல். ஒரு வீட்டு வேலைக்காரர் 21 வருடம் முன்னாலேயே அரசாங்கத்துக்கு வழி சொல்லியிருக்கிறார். இவர் பெயர் நம் பிள்ளைகளின் காதில் விழாமல் போவது எனக்கு ஆறவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வில்பர்ஃபோர்ஸ் சும்மா பெயர் வாங்கியவர் இல்லை. 1789-லிருந்து பாராளுமன்றத்தில் விடாமல் இதைக் கிளப்பினார். 1791-ல் 163-க்கு 88 என்று தோற்றார். 1807-ல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் வரும்வரை சளைக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்விக்கு அடுத்த வருடம் 519 மனுக்கள் பாராளுமன்றத்தில் வந்து குவிந்தன. ஊர் ஊராக அத்தனை பேர் கையெழுத்துப் போட்டது துண்டறிக்கைகளும் புத்தகங்களும் படங்களும் செய்த வேலை. புரூக்ஸ் என்ற கப்பலின் படத்தைப் பாடநூல்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம் என்று அளந்து, மனிதர்களை அடுக்கிக் காட்டும் படம். 454 பேரை ஏற்றலாம் என்று அப்போதைய சட்டமே அனுமதித்த கப்பல் அது. அதற்கு முன் 609 பேரை ஏற்றிப் போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அந்த அளவில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

1791-ல் வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய துண்டறிக்கை, மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்று சொன்னது. ஓட்டுப் போட உரிமை இல்லாத பெண்கள், அடுப்படியில் சர்க்கரையை நிறுத்தினார்கள். பிறகு 1824-ல் எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண்மணி, படிப்படியாக என்று இழுக்காதீர்கள், உடனே விடுதலை கொடுங்கள் என்று எழுதியபோது, பெரிய மனிதர்களுக்கு அது ரசிக்கவில்லை.

இப்போது மேரி பிரின்ஸிடம் வருகிறேன். ஒரே ஒரு பக்கம்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இவருடைய பக்கத்தை வாசியுங்கள்.

பெர்முடாத் தீவில் அடிமையாகப் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது இவரையும் இவருடைய தங்கைகளையும் விற்க முடிவாகிறது. விற்பனை நாள் காலையில் அம்மா மூன்று பிள்ளைகளுக்கும் புதுத் துணி உடுத்துகிறாள். முரட்டுத் துணி, சந்தைக்காகவே தைத்தது. உடுத்திக்கொண்டே, ‘பாருங்கள், என் பிள்ளைகளுக்குச் சவத்துணி சுற்றுகிறேன், ஒரு தாய் செய்கிற வேலையா இது’ என்கிறாள். பிறகு தானே அவர்களைச் சந்தைக்கு அழைத்துப்போய், சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்துகிறாள். முன்பின் தெரியாத ஆண்கள் சூழ்ந்து நின்று, கசாப்புக்காரன் கன்றுக்குட்டியையோ ஆட்டுக்குட்டியையோ பார்ப்பதுபோல் தன்னைத் தொட்டுத் திருப்பிப் பார்த்ததையும், ஏலம் 57 பவுண்டில் முடிந்ததையும் மேரி சொல்கிறார். தங்கைகள் ஆளுக்கொரு முதலாளிக்குப் போனார்கள்.

பின்னாளில் டர்க்ஸ் தீவின் உப்பளத்தில் வேலை. விடியற்காலை 4 மணிக்கே முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். காலில் கொப்புளம் வெடித்து, சிலருக்கு எலும்பு வரைக்கும் புண் அரித்ததாகச் சொல்கிறார். 1828-ல் முதலாளி குடும்பத்தோடு லண்டன் வந்தவர், அங்கே அவர்களை விட்டு வெளியேறினார். ஆனால் முதலாளி குடும்பம் வாழ்ந்த ஆன்டிகுவாத் தீவுக்குத் திரும்பினால் மறுபடி அடிமை. கணவர் அங்கே இருந்தார். காசு தருகிறோம், விடுதலை கொடுங்கள் என்று கேட்டும் முதலாளி மறுத்துவிட்டார். இந்த நிலையில்தான் தன் கதையைச் சொல்ல, சுசானா ஸ்டிரிக்லேண்டு என்ற பெண் எழுதிக்கொள்ள, 1831-ல் புத்தகம் வந்தது. அதே வருடம் 3 பதிப்புகள். அடிமைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், விடுதலையை விரும்பவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் சொன்ன பதில்: நான் அடிமையாக இருந்தவள், அடிமையின் உணர்வு எனக்குத் தெரியும், எல்லா அடிமைகளும் விடுதலையைத்தான் விரும்புகிறார்கள்.

புத்தகம் வந்த வருடக் கடைசியில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் ஆயிரக்கணக்கான அடிமைகள் வேலையை நிறுத்திக் கிளர்ந்தார்கள். அதற்கு 40 வருடம் முன் ஹைத்தி எழுந்து, 1804-ல் தன் விடுதலையை உலகத்துக்கு அறிவித்தது. எழுத்து மட்டுமே எல்லாவற்றையும் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. கிளர்ச்சியின் பயம் இல்லாமல், அடிமை முறையை ஒழித்த 1833-ம் வருடச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள், அத்தனையும் முதலாளிகளுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 2015-ல்தான். இன்னொன்று நமக்கு நெருக்கமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலனாவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கம்பெனி ஆண்ட பகுதிகளில் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஆதரவு இல்லை என்ற சட்டம் 1843-ல்தான் வந்தது. அதற்குள் மொரீஷியஸ் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிக்கு இந்தியாவில் ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் கப்பல்கள் போயின. பிரிட்டிஷ் அடிமை ஒழிப்பு ‘எங்கோ நடந்தது’ என்று நம் பிள்ளைகளுக்குத் தோன்ற வேண்டியதில்லை.

உங்களில் சிலர் கேட்பீர்கள், இந்தத் தன்வரலாறுகளை எப்படி நம்புவது என்று. நல்ல கேள்வி, அதையும் வகுப்பிலேயே கேளுங்கள். எக்வியானோவின் ஞானஸ்நானப் பதிவிலும் ஒரு கப்பல் பதிவேட்டிலும் அவர் பிறந்த இடம் அமெரிக்காவின் கரோலினா என்று இருக்கிறது. அப்படியானால் ஆப்பிரிக்கப் பால்ய காலமும் கப்பல் பயணமும் மற்றவர்களிடம் கேட்டு எழுதியவையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஹாரியட் ஜேக்கப்ஸின் கதை நேர்மாறு. வட கரோலினாவில் பாட்டி வீட்டுப் பரணில், எழுந்து நிற்க உயரமில்லாத இடத்தில், ஏறக்குறைய 7 வருடம் ஒளிந்திருந்து, துளையிட்ட ஓட்டை வழியாகத் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1861-ல் அவர் எழுதிய புத்தகத்தை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கட்டிய நாவல் என்று நெடுங்காலம் பலர் ஒதுக்கிவைத்தார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் 1980-களில் கடிதங்களையும் பதிவேடுகளையும் தோண்டி, எழுதியவர் ஜேக்கப்ஸ்தான், சம்பவங்களும் உண்மை என்று நிரூபித்தார். சாட்சியைச் சோதிப்பது என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இரண்டு உதாரணங்கள் கிடைக்காது.

எழுத்தறிவைப் பற்றிப் பேச, அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஃபிரெடரிக் டக்ளஸ். தென் கரோலினாவில் 1740-லேயே அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்று சட்டம் இருந்தது. டக்ளஸ் பால்டிமோரில் வளர்ந்த வீட்டில் எஜமானி அம்மாள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்க, கணவர் தடுத்துவிட்டார். படித்தால் இவன் அடிமையாக இருக்க லாயக்கற்றுப் போவான் என்று அவர் சொன்னது பையனின் காதில் விழுந்தது. அன்றே அவனுக்கு வழி புரிந்துவிட்டது. வீட்டு ரொட்டியைத் தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்துப் பாடம் வாங்கினான். கப்பல் பட்டறையில், மரத்துண்டு எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று தச்சர்கள் எழுதிவைக்கும் ஒற்றை எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். தப்பித்துப் போய், 1845-ல் தன் வரலாற்றை வெளியிட்டார். 1848-ல் தன் பழைய முதலாளிக்குப் பத்திரிகையில் ஒரு திறந்த மடல் எழுதினார். உங்கள் மகளை நான் இரவில் வந்து தூக்கிப்போய் அடிமையாக வைத்துக்கொண்டால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார். நான் உங்களைப் போல ஒரு மனிதன், உங்கள் அடிமை இல்லை என்று முடித்தார்.

பாடத்திட்டம் முடிக்கவே நேரம் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பீரியடும் முடியாது என்றால், கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், டென்னசி மாநிலத்து முதலாளி ஒருவர், முன்பு தன்னிடம் அடிமையாக இருந்து, அப்போது ஒஹையோவில் சுதந்திரமாக வாழ்ந்துகொண்டிருந்த ஜோர்டன் ஆண்டர்சனைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார். ஜோர்டன் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பதில் பத்திரிகைகளில் வந்தது. வருகிறேன், ஆனால் உங்கள் நாணயத்தைச் சோதிக்க, பழைய சம்பளத்தை முதலில் அனுப்புங்கள் என்கிறார். அவர் உழைத்தது 32 வருடம், மாதம் 25 டாலர். மனைவி மேண்டி 20 வருடம், வாரம் 2 டாலர். துணிமணிக்கும், தனக்கு 3 முறை டாக்டர் வந்ததற்கும், மேண்டிக்கு ஒரு பல் பிடுங்கியதற்கும் கழித்துக்கொள்ளலாம், மீதிக்கு வட்டி சேர்க்கலாம். கடைசியில், நீங்கள் என்னைச் சுட்டபோது உங்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிய ஜார்ஜ் கார்ட்டருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்கிறார்.

கரும்பலகையில் அந்தப் பெருக்கலைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். 11,680 டாலர் வரும். வந்ததும், அந்தப் பணம் அனுப்பப்பட்டிருக்குமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

அன்புடன்,
மெய்ப்புப் பார்த்துப் பழகிய ஒரு வாசகர்